சத்தம் வருகிறது, படம் வரவில்லை: கேம் கேப்சர் கறுப்புத் திரை, ஒரு நிகழ்வு ஆய்வு

விளையாட்டு ஓடுகிறது. திரையை ரெக்கார்டு செய்யவும் நேரலையாகக் காட்டவும் உதவும் ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற புரோகிராமின் ஆடியோ மிக்சரில் பச்சைப் பட்டை ஏறி இறங்குகிறது. நடுவில் இருக்கும் பிரிவியூ மட்டும் தார் பூசியதுபோல் கறுப்பு. ரெக்கார்டு செய்த ஃபைலைத் திறந்தால் ஒலி முழுதாக இருக்கிறது, படம் ஒரு ஃபிரேம்கூட இல்லை.

அடிக்கடி வரும் இத்தகைய புகார்களின் கூறுகளை எடுத்து, ஒரே கணினியில் நடந்ததாகக் கோத்து இந்த ஆய்வு எழுதப்பட்டிருக்கிறது. கணினி ஒரு கேமிங் லேப்டாப். விண்டோஸ் 11. பிராசஸருக்குள்ளேயே இன்டெல் கிராபிக்ஸ், தனியாக என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. திரை 1920×1080, 144 ஹெர்ட்ஸ். விளையாட்டு டைரக்ட்எக்ஸ் 11-இல் (படம் வரைய விண்டோஸ் தரும் வசதி) ஓடுவது, தனி லாஞ்சர் (விளையாட்டைத் திறந்துவிடும் புரோகிராம்) வழியாகத் திறப்பது.

உதவி கேட்கும் முன்பே பயனர் நிறைய முயன்றிருந்தார். ஓபிஎஸ்ஸை நீக்கிவிட்டு மறுபடி போட்டார். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தார். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தார். கறுப்பு போகவில்லை, அதனால் பழையபடி சாதாரணமாகத் திறக்கத் தொடங்கினார். இன்னொரு நாள் விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ஓபிஎஸ்ஸை என்விடியாவுக்கு மாற்றினார். அப்போதும் கறுப்பு, அதையும் பழைய நிலைக்கே கொண்டுபோனார். கடைசி இரண்டு முயற்சிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே சரியான வைத்தியம். இரண்டையும் அவரே போட்டார், அவரே எடுத்தார்.

கேம் கேப்சர் எங்கே நிற்கிறது

திரையைப் பிடிக்க ஓபிஎஸ்ஸில் மூன்று சோர்ஸ்கள் (படம் வரும் மூலங்கள்) உண்டு. டிஸ்ப்ளே கேப்சர் முழுத் திரையை எடுக்கும். விண்டோ கேப்சர் ஒரு ஜன்னலை எடுக்கும். இவை இரண்டும் விண்டோஸிடம் கேட்டுப் படத்தை வாங்குகின்றன. கேம் கேப்சர் அப்படி வெளியில் நின்று கேட்பதில்லை. விளையாட்டின் பிராசஸுக்குள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் புரோகிராமுக்குள், ஒரு சிறிய டிஎல்எல் (இன்னொரு புரோகிராமுக்குள் ஏறி ஓடும் நிரல்) ஃபைலைச் செலுத்துகிறது. கிராபிக்ஸ்-ஹூக் என்று அதற்குப் பெயர். விளையாட்டு ஒரு ஃபிரேமை வரைந்து முடித்து "இதைக் காட்டு" என்று டைரக்ட்எக்ஸுக்குச் சொல்லும் நொடியில் அந்த ஹூக் குறுக்கே நின்று, கிராபிக்ஸ் நினைவகத்திலேயே ஒரு நகல் எடுத்துக்கொள்கிறது. அந்த நகலுக்கான கைப்பிடியை ஓபிஎஸ்ஸிடம் கொடுக்கிறது. ஓபிஎஸ் அதைத் திறந்து பயன்படுத்துகிறது. ஷேர்டு டெக்ஸ்ச்சர் என்பது இதுதான். படம் ராமுக்கு வந்து திரும்பவும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வேலையே இல்லாததால் மூன்றில் மிக வேகமானதும் இதுவே.

ஆகவே இந்தப் பாதையில் இரண்டு கதவுகள். முதல் கதவு: விளையாட்டின் பிராசஸுக்குள் நுழைய அனுமதி வேண்டும். இரண்டாவது கதவு: உள்ளே எடுத்த நகலை ஓபிஎஸ் வெளியிலிருந்து திறக்க முடிய வேண்டும். முதல் கதவு பூட்டியிருந்தாலும் கறுப்பு. முதலாவது திறந்து இரண்டாவது பூட்டியிருந்தாலும் அதே கறுப்பு. பிரிவியூவைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

ஒலி இந்த வழியில் வருவதில்லை. டெஸ்க்டாப் ஆடியோவை ஓபிஎஸ் விண்டோஸின் ஒலிச் சாதனத்திலிருந்து தனியாக எடுக்கிறது. "சத்தம் வருகிறதே, அப்படியானால் விளையாட்டைப் பிடித்துவிட்டது" என்ற ஊகம் அதனால் செல்லாது.

லாக் எடுத்த விதம்

எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன் ஒரு சுத்தமான லாக் (ஓபிஎஸ் தான் செய்வதை வரி வரியாக எழுதிவைக்கும் குறிப்பு) எடுக்கப்பட்டது. மூன்று மணி நேரம் திறந்து மூடிய லாக்கில் எது எப்போது நடந்தது என்று கண்டுபிடிப்பது வீண் வேலை. ஓபிஎஸ்ஸை முழுதாக மூடி மறுபடி திறக்க வேண்டும். டாஸ்க்பாரின் மூலையில் ஒளிந்துகொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். விளையாட்டை ஓடவிட்டு, மெனுவைத் தாண்டி உள்ளே போய், அரை நிமிடம் முன்னால் வைத்திருந்து, அரை நிமிடம் ரெக்கார்டு செய்து நிறுத்த வேண்டும். பிறகு ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல்ஸ், அதில் வியூ கரண்ட் லாக்.

சீனில் (சோர்ஸ்களை அடுக்கி வைக்கும் காட்சியில்) ஒரே ஒரு கேம் கேப்சர் சோர்ஸ் மட்டும் வைக்கப்பட்டது. பயனரின் சீனில் மூன்று இருந்தன, "ஏதாவது ஒன்று பிடிக்கட்டும்" என்ற நம்பிக்கையில். அவை ஒரே விளையாட்டுக்காக ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பல சீன்களில் வேண்டுமென்றால் புதிதாக உருவாக்காமல், சோர்ஸ் சேர்க்கும்போது "ஆட் எக்சிஸ்டிங்" கொடுத்து அதே சோர்ஸைக் கொண்டுவருவது நல்லது.

சோர்ஸின் மோடு "கேப்சர் ஸ்பெசிஃபிக் விண்டோ" என்று மாற்றப்பட்டது. பட்டியலில் ஒவ்வொரு வரியும் சதுர அடைப்புக்குள் இஎக்ஸ்இ (புரோகிராம் ஃபைல்) பெயர், பிறகு ஜன்னலின் தலைப்பு என்று இருக்கும். இங்கே ஒரு சறுக்கல் சகஜம்: லாஞ்சரும் விளையாட்டும் ஒரே தலைப்போடு இரண்டு வரிகளாக நிற்கும், கை லாஞ்சரைத் தேர்ந்தெடுத்துவிடும். தலைப்பை விட்டுவிட்டு இஎக்ஸ்இ பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைப்பில் பதிப்பு எண்ணோ லெவல் பெயரோ மாறிக்கொண்டே இருக்கும் விளையாட்டு என்றால், "விண்டோ மேட்ச் பிரையாரிட்டி"யில் ஒரே எக்ஸிக்யூட்டபிளைத் தேடும் தேர்வை வைத்துவிடலாம்.

முதல் கதவு

லாக்கின் மேல்பகுதியில் "ரன்னிங் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்: ஃபால்ஸ்" என்று இருந்தது. கீழே போனால் சில நொடிக்கொருமுறை இதே ஜோடி வரிகள்:

"அட்டெம்ப்டிங் டு ஹூக் பிராசஸ்", அதன்பின் விளையாட்டின் இஎக்ஸ்இ பெயர்.
"குட் நாட் ஓப்பன் பிராசஸ்", மறுபடி அதே பெயர்.

பிராசஸைத் திறக்கவே முடியவில்லை என்று ஓபிஎஸ் சொல்கிறது. கிராபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சு இன்னும் தொடங்கவேயில்லை. சாதாரண உரிமையில் ஓடும் ஒரு புரோகிராம், அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடும் இன்னொன்றுக்குள் கை வைக்க விண்டோஸ் விடாது. அப்படியானால் விளையாட்டு உயர்ந்த உரிமையில் ஓடுகிறதா?

இதை ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் டீட்டெயில்ஸ் பகுதிக்குப் போய், நெடுவரிசைத் தலைப்பின் மேல் ரைட் கிளிக், செலக்ட் காலம்ஸ், அதில் "எலிவேட்டட்" என்பதை டிக் செய்தால் ஒவ்வொரு பிராசஸுக்கும் எஸ் அல்லது நோ என்று காட்டும். ஓபிஎஸ்64-க்கு நேராக நோ. விளையாட்டுக்கு நேராக எஸ். லாஞ்சருக்கு நேராகவும் எஸ்.

லாஞ்சரின் இஎக்ஸ்இ மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டிஸ், கம்பேட்டிபிலிட்டி என்று போனதும் காரணம் தெரிந்தது. "ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்" டிக் ஆகியிருந்தது. விளையாட்டு வேகமாக ஓடும் என்று எப்போதோ யாரோ சொன்ன யோசனை. லாஞ்சர் உயர்ந்த உரிமையில் ஓடினால் அது பெற்றெடுக்கும் விளையாட்டுக்கும் அந்த உரிமை போய்ச் சேரும். விளையாட்டின் இஎக்ஸ்இயில் டிக் இல்லையே என்று பார்த்துவிட்டு விடுகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள்.

இதற்கு இரண்டு வழி. ஓபிஎஸ்ஸையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டலாம். இல்லை, லாஞ்சரிலிருந்து அந்த டிக்கை எடுக்கலாம். தேவையில்லாமல் ஒரு விளையாட்டுக்கு அட்மின் உரிமை கொடுத்து வைப்பதில் எந்த லாபமும் இல்லாததால் இரண்டாவது வழி எடுக்கப்பட்டது. லாஞ்சரை முழுதாக மூடித் திறந்த பிறகு டாஸ்க் மேனேஜரில் எல்லாமே நோ.

பிரிவியூ? அதே கறுப்பு.

பயனர் முன்பு கைவிட்டது இந்த இடத்தில்தான். ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த நாளிலும் முதல் கதவு திறந்திருக்கும்; அவர் பார்த்தது பிரிவியூவை மட்டும். லாக்கைத் திறந்திருந்தால் வரி மாறியிருப்பது தெரிந்திருக்கும்.

இரண்டாவது கதவு

புதிய லாக்கில் "குட் நாட் ஓப்பன் பிராசஸ்" இல்லை. அதன் இடத்தில் "கிராபிக்ஸ்-ஹூக்.டிஎல்எல் லோடட் அகைன்ஸ்ட் பிராசஸ்" என்ற வரியும், அதன் கீழே "ஹாஃப் லைஃப் சயின்டிஸ்ட்: எவ்ரிதிங் சீம்ஸ் டு பி இன் ஆர்டர்" என்ற வரியும் இருந்தன. ஒரு பழைய விளையாட்டில் வரும் விஞ்ஞானியின் குரலில் எல்லாம் ஒழுங்காக இருப்பதாகச் சொல்லும் குறும்பு அது. ஓபிஎஸ்ஸை எழுதியவர்கள் வைத்தது. முதல்முறை பார்ப்பவர்கள் வைரஸோ என்று பயப்படுவதுண்டு. ஹூக் உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை.

சிக்கல் அடுத்து வந்த வரியில்: "இனிட்_எஸ்எச்டெக்ஸ்_கேப்சர்: ஃபெயில்டு டு ஓப்பன் ஷேர்டு ஹேண்டில்". ஹூக் நகலை எடுத்து வைத்திருக்கிறது. ஓபிஎஸ்ஸால் அதைத் திறக்க முடியவில்லை.

லாக்கின் மேல்பகுதிக்குத் திரும்பினால் "அவெய்லபிள் வீடியோ அடாப்டர்ஸ்" என்ற பட்டியல். அடாப்டர் 0 இன்டெல், அடாப்டர் 1 என்விடியா. அதையொட்டி "லோடிங் அப் டி3டி11 ஆன் அடாப்டர்" என்று தொடங்கும் வரியில் இன்டெல்லின் பெயர். அதாவது ஓபிஎஸ் இன்டெல்லில் உட்கார்ந்திருக்கிறது. விளையாட்டு எதில்? டாஸ்க் மேனேஜரின் பிராசஸஸ் பகுதியில் "ஜிபியு என்ஜின்" (ஜிபியு என்பது கிராபிக்ஸ் சிப்) நெடுவரிசையைச் சேர்த்தால் விளையாட்டுக்கு நேராக "ஜிபியு 1 - 3டி" என்று காட்டியது. இந்த லேப்டாப்பில் அது என்விடியா.

ஒரு கிராபிக்ஸ் சிப்பின் நினைவகத்தில் இருக்கும் டெக்ஸ்ச்சரை இன்னொரு சிப்பில் ஓடும் புரோகிராம் இப்படிக் கைப்பிடி கொண்டு திறக்க முடியாது. இரண்டும் ஒரே சிப்பில் இருக்க வேண்டும்.

செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே > கிராபிக்ஸ். பட்டியலில் ஓபிஎஸ் இல்லாவிட்டால் பிரவுஸ் செய்து சேர்க்க வேண்டும். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், ஓபிஎஸ்-ஸ்டுடியோ, பின், 64பிட் என்ற வரிசையில் போனால் ஓபிஎஸ்64 கிடைக்கும். அதன் ஆப்ஷன்ஸில் "ஹை பெர்ஃபார்மன்ஸ்" கொடுத்து சேவ். ஓபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் பலன் தெரியாது, மூடித் திறக்க வேண்டும். இதே வேலையை என்விடியா கன்ட்ரோல் பேனலில் செய்துவிட்டு ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்கள் பலர். விண்டோஸின் இந்தப் பக்கத்தில் ஒரு தேர்வு இருந்தால் அதுதான் செல்லுபடியாகும்.

திறந்ததும் லாக்கில் அடாப்டர் வரிசையே புரண்டிருந்தது: என்விடியா 0, இன்டெல் 1. ஓபிஎஸ் ஏறியது என்விடியாவில். ஹூக் வரிகளின் முடிவில் "டி3டி11 ஷேர்டு டெக்ஸ்ச்சர் கேப்சர் சக்சஸ்ஃபுல்". பிரிவியூவில் படம்.

சிப்பை மாற்ற முடியாத நிலை வந்தால் கேம் கேப்சரின் பிராப்பர்ட்டிஸில் "எஸ்எல்ஐ/கிராஸ்ஃபயர் கேப்சர் மோடு" என்று ஒரு டிக் உண்டு. பெயர் எதற்கோ வைத்ததுபோல் இருந்தாலும் அது செய்வது இதுதான்: டெக்ஸ்ச்சரைப் பகிர்வதை விட்டுவிட்டு ஒவ்வொரு ஃபிரேமையும் ராம் வழியாக நகலெடுக்கும். இரண்டு சிப்பானாலும் படம் வரும். ஆனால் பக்கத்திலேயே "ஸ்லோ" என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. 1920×1080 படத்தில் ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 8.3 மெகாபைட், நொடிக்கு 60 என்றால் கிட்டத்தட்ட 500 மெகாபைட். விளையாட்டே அந்தச் சுமையைத் தூக்க வேண்டும்.

என்விடியாவுக்கு மாற்றியதன் பக்க விளைவு ஒன்று: டிஸ்ப்ளே கேப்சர் கறுப்பானது. லேப்டாப்பின் திரை இன்டெல்லோடு இணைந்திருந்தது. டிஎக்ஸ்ஜிஐ டெஸ்க்டாப் டூப்ளிகேஷன் என்ற முறைக்கு, திரை எந்த சிப்பில் இருக்கிறதோ அதில்தான் ஓபிஎஸ்ஸும் இருக்க வேண்டும். டிஸ்ப்ளே கேப்சரின் பிராப்பர்ட்டிஸில் கேப்சர் மெத்தடை "விண்டோஸ் 10 (1903 அண்ட் அப்)" என்று மாற்றியதும் சரியானது.

படம் வந்தது, நடுங்கியது

பத்து நிமிடச் சோதனை ரெக்கார்டிங்கில் படம் திக்கித் திக்கி ஓடியது. விளையாடுபவரின் திரையில் வழவழவென்று, ஃபைலில் மட்டும் தடுக்கல். இதற்கு பிட்ரேட்டை, அதாவது நொடிக்கு எழுதும் தரவின் அளவை, குறைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். குறைப்பதற்கு முன் டாக்ஸ் மெனுவில் ஸ்டேட்ஸைத் திறக்க வேண்டும். அங்கே மூன்று எண்ணிக்கைகள். ரெண்டரிங் லேக் ஏறினால் கிராபிக்ஸ் சிப்பில் ஓபிஎஸ்ஸுக்கு முறை கிடைக்கவில்லை. என்கோடிங் லேக் ஏறினால் என்கோடர் (படத்தைச் சுருக்கி எழுதும் பகுதி) திணறுகிறது. டிராப்டு ஃபிரேம்ஸ் ஏறினால் இணைய இணைப்பு. பிட்ரேட்டைக் குறைப்பது மூன்றாவதுக்கு மருந்து. ரெக்கார்டிங்கில் இணையமே இல்லை.

இங்கே ஏறியது ரெண்டரிங் லேக் மட்டுமே. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 99 சதவீதம். விளையாட்டில் ஃபிரேம் வரம்பு எதுவும் வைக்கப்படவில்லை, விசிங்க்கும் (ஃபிரேம் வேகத்தைத் திரையோடு பொருத்தும் வசதி) அணைந்திருந்தது. வரம்பு இல்லாத விளையாட்டு சிப்பின் முழுத் திறனையும் தின்றுவிடும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு 16.7 மில்லிசெகண்டுக்குள்ளும் ஓபிஎஸ் தன் சீனை வரைந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் முறை வராவிட்டால் அந்த ஃபிரேம் போனதுதான்.

விளையாட்டின் செட்டிங்ஸில் 120 என்று வரம்பு வைக்கப்பட்டது. 60-இன் இரட்டிப்பு என்பதால் ஓபிஎஸ் ஒன்று விட்டு ஒரு ஃபிரேமை ஒரே இடைவெளியில் எடுக்கும். 144 வைத்திருந்தால் சில இடத்தில் இரண்டு, சில இடத்தில் மூன்று என்று தாண்டி, லேக் பூஜ்ஜியமாக இருந்தாலும் மெலிதாக ஒரு நடுக்கம் தெரிந்துகொண்டே இருக்கும். நிழல்களின் தரம் ஒரு படி குறைக்கப்பட்டது. ஜிபியு 85-ஐ ஒட்டி நின்றது, ரெண்டரிங் லேக் எண் நகரவில்லை.

வரம்பு வைத்தும் சிப் நிரம்பி வழியும் விளையாட்டு என்றால் ஓபிஎஸ்ஸை அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டலாம். அப்போது கிராபிக்ஸ் சிப்பில் தனக்கு முன்னுரிமை கேட்க அதற்கு உரிமை கிடைக்கும். வேறு வழி இல்லாதபோது மட்டும் இதைச் செய்யலாம் என்பது எங்கள் கருத்து. அட்மினாக ஓடும் ஓபிஎஸ்ஸுக்குள் ஃபைல் எக்ஸ்புளோரரிலிருந்து படத்தையோ வீடியோவையோ இழுத்துப் போடவும் முடியாது.

லாக் வேறு திசையைக் காட்டினால்

மேலே சொன்ன இரண்டு வரிகளும் இல்லாமல் கறுப்பு நீடிக்கும் நிகழ்வுகளும் உண்டு. ஆன்டி-சீட் (ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் காவல்) உள்ள விளையாட்டுகளில் ஹூக் நுழைவதையே தடுப்பது வடிவமைப்பிலேயே இருக்கும். "யூஸ் ஆன்டி-சீட் கம்பேட்டிபிலிட்டி ஹூக்" என்ற டிக் வழக்கமாகவே போட்டிருக்கும். அது இருந்தும் நுழையவில்லை என்றால் மல்லுக்கு நிற்காமல், விளையாட்டை பார்டர்லெஸ் ஜன்னலாக மாற்றி விண்டோ கேப்சருக்குப் போய்விட வேண்டும். அங்கும் கேப்சர் மெத்தட் "விண்டோஸ் 10" ஆக இருக்க வேண்டும். பழைய பிட்பிளிட் முறை கிராபிக்ஸ் கார்டு வரையும் ஜன்னல்களைப் பெரும்பாலும் கறுப்பாகவே காட்டும்.

ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் ஓவர்லே கருவிகளும் இதே "இதைக் காட்டு" அழைப்பில்தான் குறுக்கே நிற்கின்றன. ஒரே வாசலில் இரண்டு பேர். ஹூக் நுழைந்த வரி வந்தும் வெற்றி வரி வராவிட்டால் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். வல்கனில் (டைரக்ட்எக்ஸ் போன்ற இன்னொரு கிராபிக்ஸ் முறை) ஓடும் விளையாட்டுகளின் கதை வேறு: ஓபிஎஸ் 25-இல் வந்த வல்கன் கேப்சர், விண்டோஸில் பதிவு செய்த ஒரு லேயர் வழியாக, விளையாட்டு தொடங்கும்போதே உள்ளே போகிறது. ஓபிஎஸ்ஸை முறையாக இன்ஸ்டால் செய்த பிறகு விளையாட்டை ஒருமுறை மூடித் திறக்காமல் படம் எதிர்பார்ப்பதில் பயனில்லை.

ஆல்ட்-டேப் அடித்து விளையாட்டு மினிமைஸ் ஆனதும் படம் உறைந்தால் அது கோளாறே இல்லை. வரையாத விளையாட்டிலிருந்து எடுப்பதற்கு ஒன்றுமில்லை. படம் மூலையில் சிறியதாக நின்றால் சோர்ஸைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்-எஃப்.

திரும்பி வந்த கறுப்பு

சில வாரம் கழித்து அதே லேப்டாப்பில், அதே விளையாட்டில் மறுபடி கறுப்பு. லாஞ்சரில் டிக் இல்லை. கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ஓபிஎஸ் "ஹை பெர்ஃபார்மன்ஸ்" என்றே இருந்தது. ஆனால் லாக்கில் "ஃபெயில்டு டு ஓப்பன் ஷேர்டு ஹேண்டில்", மேலே அடாப்டர் 0 இன்டெல்.

பயனர் ஒரு பிளக்இன்னைச் சோதிக்க ஓபிஎஸ்ஸின் போர்ட்டபிள் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்) நகல் ஒன்றை டி டிரைவில் பிரித்து வைத்திருந்தார். டாஸ்க்பாரில் குத்தி வைத்திருந்ததும் அதுவே. விண்டோஸ் இந்தத் தேர்வை இஎக்ஸ்இயின் முழுப் பாதையோடு சேர்த்துத்தான் நினைவில் வைக்கிறது. சி டிரைவில் உள்ள ஓபிஎஸ்64-க்குக் கொடுத்தது டி டிரைவில் உள்ளதற்குத் தெரியாது. டாஸ்க் மேனேஜரில் ஓபிஎஸ் மேல் ரைட் கிளிக் செய்து "ஓப்பன் ஃபைல் லொகேஷன்" கொடுத்தபோது டி டிரைவ் திறந்தது. அந்த நகலையும் பட்டியலில் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுக்கப்பட்டது. கிராபிக்ஸ் பக்கத்தில் இப்போது ஒரே பெயரில் இரண்டு ஓபிஎஸ்.